காசநோயாளிகளின் எச்.ஐ.வி. நிலை: ஒருவரும் விடுபடாமல் பதிவு செய்யும் முறை

காசநோய் அலகில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சிகிச்சை மேற்பார்வையாளர், சுகாதாரப் பார்வையாளர், தனியார் மருத்துவமனையில் நிக்ஷய் (காசநோயாளிகளைப் பதியும் அரசு இணையதளம்) பதிவைக் கவனிப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டைச் சார்ந்தவை.

நான் பார்த்த அளவில், பரிசோதனையே நடக்காமல் விடுபடுபவர்கள் குறைவு. பரிசோதனை நடந்து, அதன் முடிவு உரியவரின் பதிவுக்கு வந்து சேராமல் விடுபடுபவர்களே அதிகம். முடிவு, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துப் பதிவேட்டில் இருக்கும். மருந்து காசநோய் அலகிலிருந்து போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சந்திக்காமலேயே மாதங்கள் ஓடிவிடும். எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிக்கு முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயரிலேயே நிக்ஷய் உள்நுழைவு இருக்க வேண்டும். அலுவலகம் முழுக்க ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் யார் எதைத் திருத்தினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் எல்லைக்குள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் எல்லா இடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முழுநேர நம்பிக்கை மையங்கள், முதல்கட்டச் சோதனை மட்டும் செய்யும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், நோயாளிகள் வழக்கமாகப் போகும் தனியார் ஆய்வகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆலோசகர் அல்லது ஆய்வக நுட்புநரின் எண்ணையும், அவர்கள் இருக்கும் நேரத்தையும் குறியுங்கள். நோயாளிகள் எந்த ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்குப் போவார்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பக்கத்து மாவட்டத்து மையம் அருகில் இருந்தால் அதையும் சேருங்கள். பேருந்து வசதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் மக்கள் போவார்கள். மாவட்ட எல்லை அவர்களுக்குப் பொருட்டில்லை.

பூட்டக்கூடிய ஓர் அலமாரியும் வேண்டும். காரணம் அடுத்த பகுதியில்.

2. ரகசியக் காப்பு: முதல் பெயரை எழுதுமுன் முடிவு செய்ய வேண்டியது

பல வழிகாட்டிகளில் இது கடைசியில் வரும். கடைசியில் வைத்தால் அதற்குள் தாள்கள் மேசை மேசையாகச் சுற்றியிருக்கும். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது. இத்தகைய தகவலை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. சிகிச்சை தருபவர்கள் சிகிச்சைக்காகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்கு இடம் உண்டு. அந்த வட்டம் சிறியது. மாத்திரை கொடுக்க உதவும் பக்கத்து வீட்டுக்காரர், தன்னார்வலர், ஊட்டச்சத்துப் பை வழங்க வருபவர், நோயாளியின் சொந்தக் குடும்பத்தார், யாருமே அதில் இல்லை.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான். பணித்தாளில் நிக்ஷய் எண் இருக்கட்டும், பெயரையும் எச்.ஐ.வி. முடிவையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். சிகிச்சை அட்டையின் மேல் சிவப்பு மையில் குறி, நட்சத்திரம், ஓரத்தில் புள்ளி எதுவும் வேண்டாம். அந்தக் குறிக்கு என்ன பொருள் என்பது இரண்டே வாரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் படம் எடுத்துப் போடவே கூடாது. தொலைபேசியில் கேட்கும்போது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

3. பெயர்ப் பட்டியலை முதலில் உறுதி செய்யுங்கள்

முடிவுகளைத் தேடிக் கிளம்புமுன், யாருடைய முடிவு வேண்டும் என்பது தெரிய வேண்டும். ஒரு காலாண்டில் உங்கள் அலகில் காசநோய் உறுதி செய்யப்பட்டுப் பதிவான அனைவரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். சளியில் கிருமி காணப்பட்டவர், எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் முடிவு செய்தவர், நுரையீரலுக்கு வெளியே நோய் உள்ளவர், குழந்தைகள், மருந்தெதிர்ப்புக் காசநோயாளிகள், தனியார் மருத்துவர் பதிவு செய்தவர்கள் என எல்லோரும் உண்டு. காசநோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் சளி கொடுத்து, நோய் இல்லை என்று வந்தவர்கள் சேர மாட்டார்கள். அவர்களுக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யப்படுவதால் புதியவர்கள் இரண்டு கூட்டத்தையும் கலந்துவிடுகிறார்கள்.

அடுத்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். தனியார் மருத்துவமனையில் ஓர் எண்ணும், அரசு மருத்துவமனைக்கு மாறியபின் இன்னோர் எண்ணும் பெற்றவர் இருவராகத் தெரிவார். ஒன்றில் முடிவு இருக்கும், மற்றொன்று காலியாக இருக்கும். பெயரை மட்டும் நம்பாமல் தொலைபேசி எண், வயது, ஊர் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

இறந்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சோதனை செய்யுமுன் இறந்தவரை நீக்கினால் விழுக்காடு உயரும். ஏன் இறந்தார் என்ற கேள்வி மறைந்துவிடும். எச்.ஐ.வி. தெரியாமலேயே இறந்தவர் யார் என்பதுதான் இந்தப் பதிவு நமக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி. காசநோயே இல்லை, நோயறிதல் தவறு என்று மருத்துவர் எழுத்தில் மாற்றியவர்களை மட்டும் நீக்கலாம்.

4. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள்

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் திருத்திய வரையறைகளை ஒட்டி மூன்று நிலைகள்தான் உண்டு.

பாசிட்டிவ்: காசநோய் கண்டறியப்பட்ட சமயத்தில் செய்த சோதனையில் எச்.ஐ.வி. உறுதியானவர், அல்லது ஏற்கெனவே எச்.ஐ.வி. சிகிச்சையில் பதிவாகியிருப்பதற்கு ஆவணம் உள்ளவர்.

நெகட்டிவ்: காசநோய் கண்டறியப்பட்ட சமயத்தில் செய்த சோதனையில் எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்தவர்.

தெரியவில்லை: மேற்கண்ட இரண்டுக்கும் ஆவணம் இல்லாத அனைவரும்.

இதில் தடுமாற்றம் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, பழைய நெகட்டிவ். “நான்கு வருஷத்துக்கு முன் பிரசவத்தில் பார்த்தார்கள், ஒன்றுமில்லை” என்று ஒரு பெண் சொன்னால் அது இன்றைய நிலை ஆகாது. மறுபடி சோதிக்க வேண்டும். பழைய பாசிட்டிவ் அப்படியல்ல. ஏ.ஆர்.டி. மையத்துப் புத்தகத்தைக் காட்டினால் அதுவே போதுமான ஆவணம். இரண்டாவது, “அனுப்பப்பட்டார்”. பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தது சோதனை ஆகாது. மூன்றாவது, ரியாக்டிவ். எச்.ஐ.வி. இருக்கலாம் என்று காட்டும் இது முதல்கட்டச் சோதனையின் விளைவு மட்டுமே. நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று சோதனைக் கருவிகளால் உறுதி செய்த பிறகுதான் அவர் பாசிட்டிவ். அதுவரை பணித்தாளில் “உறுதி செய்ய வேண்டும்” என்று தனியாக வையுங்கள். அறிக்கையில் அவர் “தெரியவில்லை” கணக்கில்தான் வருவார். உறுதியாகாத ஒருவரைப் பாசிட்டிவ் என்று எழுதுவது அவர் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இருக்கலாம். எனவே வழக்கமான சோதனையில் ரியாக்டிவ் என வந்தாலும் அது குழந்தையின் நிலையைச் சொல்லாது. வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனைக்கு நம்பிக்கை மையம் வழியாக அனுப்ப வேண்டும். குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை.

5. நோய் உறுதியான அன்றே சோதனை

“அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பதுதான் பெரும்பாலான காலி வரிகளின் தொடக்கம். காய்ச்சலும் இருமலுமாக இருப்பவர் ஒரு நாள் கூலியை இழந்து வருகிறார். இரண்டாம் முறை வேறொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னால் போக மாட்டார்.

2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறோம். துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறோம். நோயாளி நம் எதிரில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. சர்க்கரைச் சோதனையையும் எச்.ஐ.வி. சோதனையையும் அதே அமர்வில் சேர்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனி இரத்தத்திலேயே முதல்கட்டச் சோதனை முடிந்துவிடும். வசதி இல்லாத இடத்தில் நோயாளியைத் தனியே அனுப்பாமல் ஒருவர் கூடப் போவது நல்லது.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். “உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது, அதனால் எச்.ஐ.வி. பார்க்கிறோம்” என்று சொன்னால் அவர் முகம் மாறிவிடும். “காசநோய் உள்ள எல்லோருக்கும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்க்கிறோம். இருப்பது தெரிந்தால் அதற்கும் சேர்த்து மருந்து கொடுத்து உங்களைக் காப்பாற்ற முடியும். உங்களுக்குச் சம்மதம்தானே, ஐயா?” என்று கேளுங்கள். உறவினரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். காசநோய் மருந்தை அன்றே கொடுங்கள். சோதனைக்கு ஒப்புக்கொண்டால்தான் மாத்திரை என்று யாரும் சொல்லக் கூடாது.

6. முடிவு திரும்பி வரும் வழியை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்

போகும் வழியை எல்லோரும் கவனிக்கிறோம். திரும்பும் வழிக்கு ஆளில்லை. நோயாளியே சீட்டைக் கொண்டுவருவார் என்று இருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, உங்கள் பட்டியலில் காலியாக உள்ள எண்களை எடுத்துக்கொண்டு நம்பிக்கை மையத்துக்கு நேரில் போய், ஆலோசகரோடு உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை என்றால் மிகவும் தாமதம்: ஏ.ஆர்.டி. மருந்து தொடங்க வேண்டிய இரண்டு வாரம் அதற்குள் கடந்துவிடும்.

பரிந்துரைச் சீட்டில் நிக்ஷய் எண்ணை எழுதிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஒப்பீட்டில் பாதி வேலை மிச்சம். அங்கே ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடையாள எண்ணை (பி.ஐ.டி. எண்) நீங்கள் திரும்ப எழுதிக்கொண்டால் மீதிப் பாதியும் முடிந்தது.

எண் இல்லாதபோதுதான் சிக்கல். நம் ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறும்போது ஆளுக்கொரு விதமாக ஏறும். “முத்தழகு” என்ற ஒரே பெண் நிக்ஷயில் ழகரத்துக்கு ஓர் எழுத்தும், நம்பிக்கை மையத்தில் வேறோர் எழுத்தும் பெற்றிருப்பார். முதலெழுத்து ஓரிடத்தில் அப்பாவுடையது, இன்னோரிடத்தில் கணவருடையது. ஓரிடத்தில் வயது 45, இன்னோரிடத்தில் 48. இவர் ஒருவர்தானா, இருவரா? பெயரோடு குறைந்தது இரண்டு விவரமாவது ஒத்துப்போனால் மட்டும் பொருத்துங்கள்: தொலைபேசி, ஊர், சோதனை நடந்த நாள். ஐயம் இருந்தால் காலியாகவே விடுங்கள். காலி வரியை அடுத்த வாரம் நிரப்பலாம். ஒருவரின் முடிவை இன்னொருவர் மேல் ஏற்றிவிட்டால் யாரும் அதைத் திரும்பத் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

7. பதியும்போது

முடிவு, சோதனை நாள், சோதனை நடந்த இடம், பி.ஐ.டி. எண் ஆகிய நான்கும் இருந்தால் பதியுங்கள். முடிவு மட்டும் இருந்து நாள் இல்லையென்றால், அது இந்த நோய்க்காலத்தைச் சேர்ந்ததா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. சளி கொடுத்த நாளிலேயே எச்.ஐ.வி. சோதனையும் நடந்து, காசநோய் சில நாள் கழித்து உறுதியானால் அந்த முடிவு செல்லும்; மறுபடி குத்த வேண்டியதில்லை.

வாய்மொழி முடிவை ஏற்காதீர்கள். “நெகட்டிவ்தான் சார், போட்டுக்குங்க” என்று யார் சொன்னாலும், பதிவேட்டையோ சீட்டையோ கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். காலாண்டு முடிவில் காலி வரிகளை நெகட்டிவ் என்று நிரப்பச் சொல்லும் அழுத்தம் வரலாம். அதற்கு இணங்கக் கூடாது. அப்படி நிரப்பிய ஒவ்வொரு வரியிலும் ஒருவர் இருக்கிறார். பதிவில் நெகட்டிவ் என்று கண்ட பிறகு எந்த மருத்துவரும் அவருக்கு மறுபடி சோதனை எழுதப் போவதில்லை.

8. காலி வரிகளைக் காரணத்தோடு பிரியுங்கள்

“தெரியவில்லை” என்று ஒரே குவியலாக வைத்தால் என்ன செய்வதென்று புரியாது. பணித்தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதுங்கள்: சோதனையே சொல்லப்படவில்லை; அனுப்பியும் போகவில்லை; சோதனை முடிந்தும் முடிவு வரவில்லை; மறுத்தார்; உறுதி செய்ய வேண்டும்; சோதிக்குமுன் இறந்தார்; வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார்.

ஒவ்வொரு காரணத்துக்கும் வேலை வேறு. அனுப்பியும் போகாதவர்கள் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தால், அங்கே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனைக் கருவி தீர்ந்திருக்கலாம். மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். மறுத்தவரை இரண்டாவது மாதத்தில், உடல் தேறி மனம் சற்று இளகியிருக்கும் வேளையில், ஆலோசகர் மறுபடி கேட்கலாம். தனியார் மருத்துவமனையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சோதனை நடந்திருக்கும், முடிவு கோப்பில் தூங்கும். அங்குள்ள பொறுப்பாளரிடம் பேசினால் கிடைக்கும்.

இதற்காக வீட்டுக்குப் போக நேர்ந்தால், வாசலில் “எச்.ஐ.வி. டெஸ்டுக்கு வரவில்லையே” என்று கேட்கும் அநியாயம் நடக்கக் கூடாது. “மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து போங்கள், அம்மா. ஒரு சோதனை பாக்கி இருக்கிறது” என்பது போதும்.

9. ரியாக்டிவ் முதல் ஏ.ஆர்.டி. வரை

இந்த ஓட்டத்துக்கு நான்கு தேதிகள் வேண்டும்: முதல்கட்டச் சோதனை, உறுதிச் சோதனை, கோட்ரைமாக்சசோல் (பிற தொற்றுகளைத் தடுக்கும் மருந்து) தொடங்கிய நாள், ஏ.ஆர்.டி. தொடங்கிய நாள். காசநோய் மருந்து தொடங்கிய நாள் ஏற்கெனவே உங்களிடம் உண்டு. ஐந்தையும் ஒரே வரியில் வைத்துப் பார்த்தால் எங்கே தேங்குகிறது என்பது உடனே தெரியும்.

காசநோய் மருந்து முதலில். அதைத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள், சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், ஏ.ஆர்.டி. தொடங்க வேண்டும். மூளையுறைக் காசநோய் இதற்கு விலக்கு. அங்கே அவசரப்பட்டால் மூளையில் அழற்சி கூடும் ஆபத்து உண்டு என்பதால் குறைந்தது நான்கு வாரம் பொறுத்து, எட்டு வாரத்துக்குள் தொடங்குவார்கள். அத்தகைய நோயாளியின் வரியில் “தாமதம்” என்று நீங்களாகவே எழுதிவிடாமல், காரணத்தைக் குறியுங்கள்.

ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது காசநோய் மருந்தின் விவரம் எழுத்தில் கூடப் போக வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், ஏ.ஆர்.டி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் நாளுக்கு ஒருமுறை எடுக்கும் 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிரோடு, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் சேர்க்க வேண்டியிருக்கிறது. காசநோய் இருப்பதே அங்குத் தெரியவில்லை என்றால் அந்த இரண்டாவது மாத்திரை கிடைக்காது.

10. எதிர்த்திசையிலும் பாருங்கள்

எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவருக்குப் பிறகு காசநோய் வருவதும் உண்டு. ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு வருகையிலும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை நான்கையும் கேட்கிறார்கள். அங்கே காசநோய் கண்டறியப்பட்டவரின் எச்.ஐ.வி. நிலை மையத்தாருக்கு ஏற்கெனவே தெரியும். அதனாலேயே நிக்ஷயில் அந்த இடம் காலியாகக் கிடக்கும். மாதாந்திர ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல், ஏ.ஆர்.டி. மையத்தின் காசநோயாளிப் பட்டியலை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அங்கே இருந்து இங்கே இல்லாதவர் யாராவது உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர் பதிவே செய்யப்படாத காசநோயாளி.

11. கணக்கு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. காலாண்டில் 120 பேர், நெகட்டிவ் 104, பாசிட்டிவ் 6, உறுதி செய்ய வேண்டியவர் 3, முடிவு இல்லாதவர் 7.

நிலை தெரிந்தவர்கள் 104 + 6 = 110. விழுக்காடு 110-ஐ 120-ஆல் வகுத்து 91.7. ரியாக்டிவ் மூவரும் தெரிந்தவர்களில் சேர மாட்டார்கள். காசநோயாளிகளில் எச்.ஐ.வி. உள்ளவர் விகிதத்துக்கு 6-ஐ 110-ஆல் வகுக்க வேண்டும்: 5.5. 120-ஆல் வகுத்தால், நிலை தெரியாத பத்துப் பேரையும் நெகட்டிவ் என்று எண்ணியதாகிவிடும். ஏ.ஆர்.டி. கணக்குக்கு அடி எண் 6; அதில் எத்தனை பேர் தொடங்கினார்கள், அவர்களில் இரண்டு வாரத்துக்குள் எத்தனை பேர் என்று இரண்டு வரியாக எழுதுங்கள்.

அதிகம் நடக்கும் பிழை இது: மேல் எண்ணை நம்பிக்கை மையத்தின் மாத அறிக்கையிலிருந்தும், கீழ் எண்ணை நிக்ஷயிலிருந்தும் எடுப்பது. அந்த மாதம் சோதித்தவர்களில் முந்திய காலாண்டு நோயாளிகளும் பக்கத்து அலகு நோயாளிகளும் இருப்பார்கள். சில வேளை விடை நூறைத் தாண்டும். தாண்டினால் பிழை கண்ணில் படும். 97 என்று வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு எண்ணும் ஒரே பெயர்ப் பட்டியலிலிருந்து வர வேண்டும்.

12. அறிக்கை போன பிறகு

காலாண்டு அறிக்கை அனுப்பியபின் வரும் முடிவையும் பதியுங்கள். நெகட்டிவ் என்று இருந்தவர் சிகிச்சைக் காலத்தில் பாசிட்டிவ் என்று தெரியவந்தால் வகையை மாற்ற வேண்டும். சிகிச்சை பலனைக் கணக்கிடும்போது அந்த மாற்றம் தேவைப்படும்.

காசநோய் மருந்து முடியும் நாளை ஏ.ஆர்.டி. மையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ரிஃபாம்பிசினின் விளைவு மருந்தை நிறுத்தியவுடன் நீங்குவதில்லை. இரண்டாவது டோலுடெக்ராவிர் மாத்திரை மேலும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அந்த இரண்டு வாரத்தைக் கணக்கிட அவர்களுக்கு உங்களிடமிருந்து வர வேண்டிய தேதி இது. மருந்து முடித்தவரின் வரியில், ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தகவல் அனுப்பிய நாளையும் குறித்த பிறகே அவரைப் பணித்தாளிலிருந்து எடுங்கள்.